பேக் டு பேக்: உங்க சம்பளம் யாரோட பில்லுக்காகக் காத்திருக்கு?



போன வாரம் என் சித்தப்பா பையன் திருவாரூர்ல இருந்து போன் பண்ணான். மெக்கானிக்கல் டிப்ளமோ, பைப்பிங் க்யூசி-ல நாலு வருஷ அனுபவம். கையில ரெண்டு ஆஃபர் வச்சிருக்கான். ஒண்ணு, ஒரு பெரிய இபிசி கம்பெனியில நேரடி வேலை, மாசம் 42,000. இன்னொண்ணு, அதே ரிஃபைனரி ப்ராஜெக்ட்ல, அந்த இபிசி கம்பெனிக்குக் கீழ இருக்கற ஒரு சப் கான்ட்ராக்டருக்கு ஆள் சப்ளை பண்ற கம்பெனி, மாசம் 58,000. "அண்ணே, 16,000 ரூபா வித்தியாசம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"ன்னு கேட்டான்.

அந்த ரெண்டாவது ஆஃபர் லெட்டரை வாட்ஸப்ல அனுப்புடான்னு சொன்னேன். மூணாவது பக்கத்துல, சின்ன எழுத்துல ஒரு வரி. மேல இருக்கற கம்பெனிகிட்ட இருந்து பணம் வந்ததைப் பொறுத்து சம்பளம் வழங்கப்படும்னு இங்கிலீஷ்ல போட்டிருந்தாங்க. அவன் அந்தப் பக்கத்துக்கே வரல. சம்பளம் போட்டிருந்த பக்கத்தோட நின்னுட்டான். அவனைச் சொல்லி என்ன, நானும் என் முதல் வேலைல அப்படித்தான் கையெழுத்து போட்டேன்.

ஆயில் அண்ட் கேஸ் துறைல சப் கான்ட்ராக்டர்கிட்ட வேலைக்குச் சேர்ற பசங்களுக்கு நான் சொல்றது இதுதான்: அந்தக் கூடுதல் 16,000-ஐ சம்பளம்னு நினைக்காதீங்க. நீங்க அந்த ப்ராஜெக்ட்டுக்குக் கடன் கொடுக்கறீங்க. அதுக்கான வட்டி அது. எத்தனை மாசக் கடன், திரும்ப வருமா வராதாங்கறது எல்லாம் கான்ட்ராக்ட்ல இருக்கற சில வார்த்தைகள்ல ஒளிஞ்சிருக்கு. அந்த வார்த்தைகளை யாரும் நமக்குச் சொல்லித் தர்றதில்ல. காலேஜ்ல வெல்டிங் டிஃபெக்ட் சொல்லித் தர்றாங்க, ரிடென்ஷன்னா என்னன்னு சொல்லித் தர்றதில்ல.

முதல்ல ஏணியைப் பார்ப்போம். உச்சியில கிளையன்ட். ரிஃபைனரியா இருந்தா அதோட ஓனர், எண்ணெய்க் கிணறா இருந்தா ஆபரேட்டர்னு சொல்வாங்க. அவங்க முழு வேலையையும் ஒரே தொகைக்கு ஒரு கம்பெனிகிட்ட ஒப்படைச்சா அது எல்எஸ்டிகே, அதாவது லம்ப்சம் டர்ன்கீ. டிசைன் பண்ணி, சாமான் வாங்கி, கட்டிக் கொடுக்கறவர் இபிசி கான்ட்ராக்டர். அவர் சிவில் ஒருத்தருக்கு, பைப்பிங் ஒருத்தருக்கு, எலக்ட்ரிகல் ஒருத்தருக்குன்னு பிரிச்சுக் கொடுப்பார். அவங்கதான் சப் கான்ட்ராக்டர். அவங்களுக்குக் கீழ பெட்டி கான்ட்ராக்டர், மேன்பவர் சப்ளை. சைட்ல எல்லாருமே ஒரே கலர் கவரால், ஒரே கேட் பாஸ், ஒரே டூல் பாக்ஸ் மீட்டிங். ஆனா சம்பள நாள்ல மட்டும் யார் எந்தப் படியில நிக்கறாங்கன்னு தெளிவா தெரிஞ்சிடும்.

பேக் டு பேக்

இந்த மூணு வார்த்தைதான் எல்லாத்துலயும் மோசமானது. கிளையன்ட் இபிசி கம்பெனிக்குப் போட்ட கண்டிஷனை, இபிசி கம்பெனி அப்படியே சப் கான்ட்ராக்டர் தலையில இறக்கறது பேக் டு பேக். தரம், பாதுகாப்பு, முடிக்க வேண்டிய தேதி இதெல்லாம் இறங்கினா நியாயம்தான். பணம் கொடுக்கற கண்டிஷனும் சேர்ந்து இறங்கும்போதுதான் சிக்கல். எனக்கு வந்தா உனக்குத் தருவேன்கறதுதான் அதோட அர்த்தம். இதுக்கு பே வென் பெய்டுன்னு தனிப் பேரே இருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. உதாரணத்துக்குத்தான். ஒரு சின்ன சப் கான்ட்ராக்டர் 20 பேரை சைட்ல விட்டிருக்கார். ஆளுக்கு 40,000, மாசம் 8 லட்சம். மேல இருக்கற கம்பெனிக்கு அவர் போடற பில் 10 லட்சம், கூட 18 சதவீதம் ஜிஎஸ்டி 1.8 லட்சம். ஜூன் மாச வேலைக்கு டைம்ஷீட்ல கையெழுத்து வாங்கி பில் போட ஜூலை 10 ஆயிடும். பேமென்ட் டெர்ம் 60 நாள்னா பணம் வர்றது செப்டம்பர் ரெண்டாவது வாரம். அதுக்குள்ள ஜூன், ஜூலை, ஆகஸ்ட்னு மூணு மாச சம்பளம், 24 லட்சம், அவர் கையை விட்டுப் போயிருக்கணும். முதல் பில்லுக்கான ஜிஎஸ்டியை, பணம் வந்தாலும் வராட்டியும், ஆகஸ்ட் 20-க்குள்ள கட்டியாகணும். ஆக ஒரு ரூபா உள்ள வர்றதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 26 லட்சம் வெளிய போயாச்சு.

சரி, செப்டம்பர்ல முழுப் பணமும் வருமா? வராது. அதுல 10 சதவீதம் ரிடென்ஷன்னு பிடிச்சு வச்சுப்பாங்க. வேலை முடிஞ்சு, டிஃபெக்ட் லயபிலிட்டி காலம்னு ஒரு வருஷம் ஓடினப்புறம்தான் அது ரிலீஸ் ஆகும். 2 சதவீதம் டிடிஎஸ் போகும். இந்த மாதிரி சப்ளை வேலைல பத்து சதவீத லாபம் நிக்கறதே பெரிய விஷயம். அதாவது அந்த ஆளோட மொத்த லாபமும் ரிடென்ஷன்ல தூங்குது. இதுக்கு மேல லேட் ஆச்சுன்னு எல்டி வேற பிடிச்சாங்கன்னா, அவர் கைக்காசைப் போட்டு நம்ம கிட்ட வேலை வாங்கறார்னு அர்த்தம்.

இவ்வளவும் 60 நாள் ஒழுங்கா நடந்தா. பேக் டு பேக்னா அந்த 60 நாள் எப்போ ஆரம்பிக்கும்னே தெரியாது. கிளையன்ட் ஒரு டிராயிங் ரிவிஷனைக் காரணம் காட்டி இபிசி கம்பெனியோட மைல்ஸ்டோன் பில்லை நிறுத்தி வச்சா, உங்க வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் அந்த டிராயிங்குக்கும் சம்பந்தமே இல்லைன்னாலும், உங்க சம்பளம் நிக்கும்.

எனக்கு நின்னுச்சு. ரிஃபைனரி விரிவாக்க வேலை ஒண்ணுல ரெண்டாவது கட்ட சப் கான்ட்ராக்டர்கிட்ட இருந்தேன். முதல் ரெண்டு மாசம் சம்பளம் டான்னு வந்துச்சு. அந்த தைரியத்துல பைக் லோன் போட்டேன். மூணாவது மாசம் பத்து நாள் லேட். நாலாவது மாசம் வரவே இல்ல. அஞ்சாவது, ஆறாவது மாசமும் அப்படியே. கேட்டா ஒரே பதில்தான்: "பில் பாஸ் ஆகல தம்பி." சைட் இன்சார்ஜ் நல்ல மனுஷன், அவருக்கும் சம்பளம் வரல. மெஸ்காரர் கடன் கொடுத்து சோறு போட்டார். பைக் இஎம்ஐ மூணு தடவை பவுன்ஸ், ஒவ்வொண்ணுக்கும் பேங்க் பெனால்டி, சிபில் ஸ்கோர் விழுந்துச்சு. கடைசியில ஏழாவது மாசம் சம்பளம் மொத்தமா வந்துச்சு, ஆனா ஓவர்டைம் இல்லாம. வட்டி? அதை யார்கிட்ட கேக்கறது. அந்த விழுந்த ஸ்கோரைச் சரி பண்ண எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு நான் எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி வீடியோல தொண்டை கிழியப் பேசறதுக்குக் காரணம் அந்த மெஸ் கடன்தான்.

பின்னாடி ஒரு விஷயம் கவனிச்சேன். சம்பளம் நிக்கறதுக்கு முன்னாடியே பிஎஃப் நின்னிருந்துச்சு. காசு முடைல இருக்கற கான்ட்ராக்டர் முதல்ல கை வைக்கற இடம் அதுதான், ஏன்னா தொழிலாளி பாஸ்புக்கைப் பார்க்க மாட்டான்னு தெரியும். ஒரு மாசத்துக்கான பிஎஃப் அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டணும். பாஸ்புக்ல என்ட்ரி ஏற சில நாள் கூட ஆகலாம். ஆனா ரெண்டு மாசம் தொடர்ந்து காணோம்னா உங்களுக்கு அது முன்னறிவிப்பு. அன்னைக்கே செலவைச் சுருக்க ஆரம்பிங்க, ரெஸ்யூமை தூசி தட்டுங்க.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கற கதை இல்ல. கச்சா எண்ணெய் 2014 நடுவுல பேரல் 115 டாலர் பக்கம் இருந்துச்சு, 2016 ஜனவரியில 30-க்கும் கீழ விழுந்துச்சு. சவுதி அரசாங்கத்தோட வருமானம் அடிவாங்க, பெரிய கட்டுமானக் கம்பெனிகளுக்குப் போக வேண்டிய பணம் தாமதமாச்சு. சவுதி ஓகர் மாதிரியான மாபெரும் கம்பெனியே மாசக்கணக்கா சம்பளம் போட முடியாம நின்னுச்சு. 2016 ஜூலை கடைசியில, சவுதியில 10,000 இந்தியத் தொழிலாளர்களுக்கு மேல சாப்பாட்டுக்கே கஷ்டப்படறாங்கன்னு அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் சொன்னாங்க. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியே மூடிடுச்சு. அது நேரடி எண்ணெய் வேலை செய்ற கம்பெனி கூட இல்ல. எண்ணெய்ப் பணம் ஓடற ஏணியில ஒரு படி, அவ்வளவுதான்.

பிரிட்டன்ல இந்த பே வென் பெய்டு கண்டிஷனை கட்டுமானத் துறைல 1996 சட்டம் மூலமா பெரும்பாலும் செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க. ஆனா அதே சட்டம், எண்ணெய், எரிவாயு தோண்டி எடுக்கற வேலையை விதிவிலக்குன்னு வெளிய வச்சிருக்கு. எண்ணெய்க்காரங்க எங்க போனாலும் தனி ராஜ்ஜியம்தான்!

நம்ம சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. மாசச் சம்பளம்னா அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள கொடுக்கணும், இது ஊதியச் சட்டத் தொகுப்புல இருக்கு. கான்ட்ராக்டர் கூலி கொடுக்கலைன்னா முதன்மை முதலாளி, அதாவது யாரோட இடத்துல வேலை நடக்குதோ அவர், கொடுத்துட்டு கான்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கணும்னு 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லிடுச்சு. புதுத் தொகுப்புலயும் அது இருக்கு. ஆனா அந்தப் பாதுகாப்பு 'தொழிலாளி'க்குத்தான். பழைய சட்டத்துல மாசம் 500 ரூபாய்க்கு மேல வாங்கற சூப்பர்வைசர் தொழிலாளி இல்ல, புதுசுல அந்தக் கோடு 18,000. உங்க டெசிக்னேஷன்ல சூப்பர்வைசர்னு ஒரு வார்த்தை இருந்தா போதும், நீங்க அந்த வட்டத்துக்குள்ள இல்லன்னு கம்பெனி வாதாடும். வெல்டரும் ஃபிட்டரும் கேட்ல உக்காந்து போராடினா கிளையன்ட் பயந்து கொடுக்க வைப்பார். டை கட்டின நம்ம ஆளுங்க அங்க போய் உக்கார மாட்டாங்க. அதனால கடைசியில பணம் வர்றதும் நம்ம ஆளுங்களுக்குத்தான்.

டே ரேட்ல ஏமாறாதீங்க

ஆஃப்ஷோர் ஆஃபர்ல இன்னொரு வகை இருக்கு. "நாளைக்கு 6,000"ன்னு சொன்ன உடனே மனசு 30-ஆல பெருக்கி 1.8 லட்சம்னு கணக்கு போட்டுடும். 28 நாள் கடல்ல, 28 நாள் வீட்டுலங்கற ரொட்டேஷன்ல, கப்பல்லயோ ரிக்லயோ இருக்கற நாளுக்கு மட்டும்தான் காசுன்னா, வருஷத்துக்கு 182 நாள். 10.92 லட்சம். மாசத்துக்குப் பிரிச்சா 91,000. பாதிதான்! அதுவும் மொபிலைசேஷன் ஆன நாள்ல இருந்து எண்ணுவாங்களா, கால் வச்ச நாள்ல இருந்து எண்ணுவாங்களான்னு கேளுங்க. ஹெலிகாப்டருக்காக ரெண்டு நாள் லாட்ஜ்ல கிடந்தா அந்த ரெண்டு நாள் யார் கணக்கு? வானிலை மோசமாகி வேலை நின்னா ஸ்டாண்ட்பை ரேட்னு குறைச்சுத் தருவாங்க, சில லெட்டர்ல அதுவும் இருக்காது. நம்ம மேற்குக் கடல்ல மழைக்காலத்துல கட்டுமான வேலையே நடக்காது, அந்த மாசங்கள்ல டீமொப், அதாவது ஊருக்குப் போ. ஷட்டவுன் வேலையும் இதே கதைதான்: முப்பது, நாப்பது நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைச்சு கொழுத்த சம்பளம், அப்புறம் ரிலீஸ். அந்தக் கொழுத்த மாசத்தோட சம்பள ஸ்லிப்பை வச்சு வீட்டு லோன் எடுத்தவங்களை எனக்குத் தெரியும்.

கால் ஆஃப் கான்ட்ராக்ட்னு ஒண்ணு சொல்வாங்க. அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் கிடைச்சிருச்சுன்னு எச்ஆர் பெருமையா சொல்வார். ரேட்டு மட்டும்தான் அஞ்சு வருஷத்துக்கு நிலையானது. ஆள் கூப்பிட்டாத்தான் வேலை. 2020 ஏப்ரல்ல அமெரிக்க கச்சா எண்ணெய் விலை ஒரு நாள் மைனஸ் 37 டாலர் வரைக்கும் போச்சே, அந்த மாதிரி நேரத்துல கூப்பிடறதை நிறுத்தினா கான்ட்ராக்ட் மீறலே கிடையாது. கிளையன்ட் யாரையும் வேலையை விட்டுத் தூக்கல, கூப்பிடல, அவ்வளவுதான்.

நாக் ஃபார் நாக்

இதைப் பேசறது கஷ்டம், ஆனா இதைச் சொல்லாம விட்டா பதிவு முழுமையாகாது. எண்ணெய்த் துறை கான்ட்ராக்ட்கள்ல நாக் ஃபார் நாக்னு ஒரு ஏற்பாடு பரவலா இருக்கு. விபத்து யாரோட தப்பால நடந்தாலும் சரி, அவங்கவங்க ஆளுக்கு ஆகற காயம், மரணம், அவங்கவங்க சாமான் சேதம் அவங்கவங்க பொறுப்பு. கேஸும் இன்ஷூரன்ஸ் குழப்பமும் குறையும்ங்கறதுதான் நோக்கம், கம்பெனிகளுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனா 'அவங்கவங்க ஆள்'னு வரும்போது நீங்க யார் ஆள்? கிளையன்ட் ஆள் இல்ல, இபிசி ஆள் இல்ல. உங்களுக்கு ஆஃபர் கொடுத்த அந்தச் சின்ன கம்பெனியோட ஆள்.

2010-ல மெக்ஸிகோ வளைகுடாவுல டீப்வாட்டர் ஹொரைசன் வெடிச்சப்போ இறந்தது 11 பேர். உலகம் முழுக்க அடிபட்ட பேர் பிபி. ஆனா இறந்தவங்கள்ல ஒருத்தர் கூட பிபி ஊழியர் இல்ல. 9 பேர் ரிக் ஓனர் டிரான்ஸோஷன் ஆளுங்க, 2 பேர் ட்ரில்லிங் மட் பார்க்கற கம்பெனி ஆளுங்க. நம்ம பக்கம் 2021 மே மாசம் டவ்தே புயல்ல மும்பை ஹை பக்கத்துல பி-305 பார்ஜ் மூழ்கினப்போ அதுல 261 பேர் இருந்தாங்க. எழுபது பேருக்கு மேல உயிர் போச்சு. எண்ணெய் வயல் ஓஎன்ஜிசியோடது, வேலை எடுத்தது அஃப்கான்ஸ், பார்ஜ் வேற ஒருத்தர்கிட்ட வாடகைக்கு எடுத்தது, அதுல இருந்த பலர் அதுக்கும் கீழ இருக்கற கான்ட்ராக்டர்களோட ஆளுங்க. புயல் எச்சரிக்கைக்கு அப்புறமும் பார்ஜ் ஏன் அங்கேயே நின்னுச்சுங்கற கேள்வி பல நாள் கை மாறிட்டே இருந்துச்சு.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நாக் ஃபார் நாக் கம்பெனிகளுக்குள்ள இருக்கற ஒப்பந்தம். உங்க குடும்பம் நஷ்டஈடு கேக்கற உரிமையை அது பறிக்காது. 1988-ல வடகடல்ல பைப்பர் ஆல்ஃபா எரிஞ்சு 167 பேர் இறந்தப்போ ஆபரேட்டர்தான் குடும்பங்களோட செட்டில் பண்ணார். அப்புறம் அந்தப் பணத்தை, இறந்தவங்களை வேலைக்கு வச்சிருந்த கான்ட்ராக்டர்கள்கிட்ட கேட்டு வழக்கு போனது. 2002-ல பிரிட்டன் பிரபுக்கள் சபை வரைக்கும் போய், கான்ட்ராக்டர்கள்தான் கொடுக்கணும்னு முடிஞ்சது. பதினாலு வருஷம். நம்ம ஊர்ல உங்க குடும்பம் முதல்ல தட்டப்போற கதவு, உங்க சின்ன கம்பெனியோட கதவு. அங்க இன்ஷூரன்ஸ் பாலிசி நடப்புல இருக்கா இல்லையாங்கறதுதான் எல்லாமே. 21,000-க்கு மேல சம்பளம்னா இஎஸ்ஐயும் கிடையாது.

அதனால குரூப் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் எவ்வளவு, பாலிசி காப்பி காட்டுவீங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. உங்க சொந்த டெர்ம் இன்ஷூரன்ஸை முதல்ல எடுங்க, ப்ரோபோசல் ஃபார்ம்ல ஆஃப்ஷோர் வேலைன்னு மறைக்காம எழுதுங்க. ப்ரீமியம் கொஞ்சம் ஏறலாம். மறைச்சு வாங்கின பாலிசி, க்ளெய்ம் பண்ற அன்னைக்கு உங்க வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தலைவலி.

அப்போ சப் கான்ட்ராக்டர் வேலையே வேண்டாமான்னா, அப்படிச் சொல்லவே மாட்டேன். நல்லா சம்பளம் போடற, சொந்தக் காசை வச்சு மூணு மாசம் தாங்கற சின்ன கம்பெனிகள் இருக்கு. அங்க ஒரு வருஷத்துல கத்துக்கற வேலையை பெரிய கம்பெனியில மூணு வருஷம் ஆனாலும் தொட விடமாட்டாங்க. என் தம்பிகிட்டயும் 58,000-ஐ வேண்டாம்னு சொல்லல. 42,000-ல குடும்பம் நடத்துற மாதிரி நடத்து, மீதி 16,000-ஐத் தனி அக்கவுண்ட்ல போடு, ஒரு வருஷத்துல 1.92 லட்சம், அதாவது நாலரை மாசம் சம்பளம் வராட்டியும் தாங்கும்னு சொன்னேன். அது சேர்ற வரைக்கும் பைக், போன் எதுக்கும் இஎம்ஐ கிடையாது.

அதோட எச்ஆருக்கு ஒரு மெயில் போடச் சொன்னேன். உங்களுக்கும் மேல இருக்கறவங்களுக்கும் பேமென்ட் டெர்ம் எத்தனை நாள், அது பேக் டு பேக்கா? சம்பளம் 7-ஆம் தேதிக்குள்ளன்னு லெட்டர்ல எழுதி, அந்த மூணாவது பக்க வரியை எடுப்பீங்களா? ப்ராஜெக்ட் நின்னா டீமொப் டிக்கெட்டும் நோட்டீஸ் சம்பளமும் யார் கொடுப்பாங்க? ஆக்சிடென்ட் கவர் எவ்வளவு?

நேத்து பதில் வந்துச்சாம். கவர் பத்து லட்சம், பாலிசி காப்பி இணைச்சிருக்காங்க. டிக்கெட் கம்பெனி செலவு. சம்பளத் தேதியைப் பத்தி, "வழக்கமா லேட் ஆகாது"ன்னு மட்டும் எழுதியிருக்காங்க. அந்த வரி அப்படியே இருக்கு. "அண்ணே, இப்போ என்ன பண்றது?"ன்னு கேட்டான். அதே கம்பெனியில ஏற்கனவே வேலை செய்ற ரெண்டு பேரைப் பிடிச்சு, கடைசி ஆறு மாச பிஎஃப் என்ட்ரி எந்தத் தேதியில ஏறியிருக்குன்னு கேளுன்னு சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.